பழைய மெர்சிடிஸ் ஈ240, சுங்கை சிப்புட்டுல ரெண்டு வருஷம்: பில்லு கணக்கோட ரிவியூ

19,500 வெள்ளி ரொக்கமா குடுத்து 2004ஆம் வருஷத்து மெர்சிடிஸ் ஈ240 எடுத்து சரியா ரெண்டு வருஷம் ஆச்சு, அன்னையில இருந்து வந்த பில்லு எல்லாத்தையும் ஒரு பழைய மைலோ டின்னுல போட்டு வச்சிருந்தேன், போன வாரம் எல்லாத்தையும் தரையில கொட்டி உக்காந்து கூட்டிப் பாத்தேன், பெட்ரோல் காசு சேக்காம 16,489 வெள்ளி. மாசத்துக்கு 687. வாங்குன வெலைக்கு பக்கத்துல வந்துருச்சு. நம்ம ஊர்ல பசங்க நெறைய பேரு இப்ப இந்த மாடல தேடுறாங்க, புது பெரோடுவா மைவி வெலையில பாதி கூட இல்ல, மெர்ஸ் ஓட்டலாமேன்னு. கேக்குறவங்களுக்கு ஒவ்வொரு தடவையும் தே தாரிக் கடையில நின்னு சொல்லி முடியல, அதான் மொத்தமா எழுதிடறேன்.

நான் வாங்குனது அம்மாவுக்காக. 31 வருஷம் ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டுனவங்க, ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சு, மாசத்துக்கு ரெண்டு மூனு தடவை ஈப்போ பெரியாஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போகணும். நாங்க இன்னமும் தோட்டத்து பக்கமாத்தான் இருக்கோம், மெயின் ரோட்டுக்கு வர்றதுக்கு முன்ன 3 கிலோமீட்டர் செம்மண் ரோடு, செம்பனை குலை ஏத்துற லோரி ஓடி ஓடி குழி குழியா கெடக்கும். பழைய புரோட்டோன் சாகாவுல ஒவ்வொரு குழிக்கும் அம்மா கைப்பிடிய புடிச்சிட்டு "அய்யோ முருகா"ன்னு சொல்லும். ஒரு கல்யாணத்துக்கு கூட்டாளியோட 211ல (ஈ240 வர்ற ஈ கிளாஸ் பாடியோட நம்பர் அது) ஏத்திட்டு போனேன், அந்த ரோடு முழுக்க அம்மா வாயத் தொறக்கல, எறங்குனதுக்கு அப்புறம் "இந்தக் காடி எவ்ளோடா"ன்னு கேட்டுச்சு. அவ்ளோதான், அடுத்த மாசத்துல இருந்து தேட ஆரம்பிச்சிட்டேன்.

முதல்ல ஒவ்வொரு வருஷமும் கட்டாயம் போற காசு. 211 பாடி 2002ல இருந்து 2009 வரைக்கும் வந்தது, ஈ240ல இருக்கறது வி6 எஞ்சின், 2597 சிசி. நம்ம ரோட் டேக்ஸ் கணக்குல 2500 தாண்டுனா 880 வெள்ளி, அதுக்கு மேல ஒவ்வொரு சிசிக்கும் 2 வெள்ளி 50 காசு, அப்ப 97 சிசிக்கு 242.50 சேந்து மொத்தம் 1,122.50. மைவி 1.5க்கு 90 வெள்ளிதான். அதே 211 பாடியில ஈ200 கொம்ப்ரசர் எடுத்தா 1796 சிசி, ரோட் டேக்ஸ் 278.40, இது எனக்கு வாங்குறதுக்கு முன்னமே தெரியும், ஆனா நல்ல கண்டிஷன்ல கெடைச்சது ஈ240தான். இன்சூரன்ஸ் சாகாவுல சேத்து வச்ச என்சிடி (க்ளெய்ம் பண்ணாம இருந்ததுக்கு குடுக்குற தள்ளுபடி) 55 சதவீதத்த இதுக்கு மாத்திக்கிட்டேன், அதனால வருஷம் 690தான் வந்துச்சு, இல்லன்னா ரெண்டு மடங்குக்கு மேல போயிருக்கும். வயசான காடின்னு சில கம்பெனி ஃபர்ஸ்ட் பார்ட்டி குடுக்க மாட்டேன்னுச்சு, ஏஜென்ட் அக்கா நாலு எடத்துல கேட்டு வாங்கிக் குடுத்தாங்க. இத வாங்குறதுக்கு முன்ன கேட்டுக்குங்க. பேங்க்குல லோனும் கெடைக்கல, முழுசா கேஷ்.

வாங்கும்போது 178,000 கிலோமீட்டர் ஓடியிருந்துச்சு. முன்ன வச்சிருந்தவரு நல்ல மனுஷன்தான், பொய் சொல்லல, ஆனா கடைசி மூனு நாலு வருஷமா ஓட்டுறதுக்கு மட்டும் தேவையானத செஞ்சிட்டு மத்தத எல்லாம் தள்ளிப் போட்டிருக்காரு. முதல் மாசமே எஞ்சின் ஆயிலும் ஃபில்டரும் 380, இதுக்கு 8 லிட்டர் ஊத்தணும், அதுவும் மெர்சிடிஸோட 229.5 ஸ்பெக் போட்ட ஃபுல்லி சிந்தெடிக். பிளக்கு ஆறு இல்ல, பன்னெண்டு! இந்த எஞ்சின்ல ஒரு சிலிண்டருக்கு ரெண்டு பிளக், ஒன்னு 22 வெள்ளின்னு வச்சாலும் 264. வால்வு கவர் பக்கம் ஆயில் கசிஞ்சு எக்சாஸ்டுல சொட்டி சிக்னல் லைட்டுல நிக்கும்போதெல்லாம் தீஞ்ச வாடை வரும், அந்த கேஸ்கெட் வேலை 350. எஞ்சின் மவுண்டிங் ரெண்டும் கியர்பாக்ஸ் மவுண்டிங்கும் 620. மவுண்டிங் மாத்துன அன்னைக்குத்தான் இந்தக் காடி எவ்ளோ அமைதியா இருக்கணுமோ அவ்ளோ அமைதியா ஆச்சு, டி கியர்ல நிக்கும்போது ஸ்டீரிங்குல நடுக்கமே இல்ல. அந்த 620 வெள்ளிய நான் ஒரு நாளும் நெனச்சு வருத்தப்பட்டதில்ல.

இப்ப பிரேக்கு. இத கொஞ்சம் பொறுமையா படிங்க, ஏன்னா இதுல காசு மட்டும் இல்ல, உயிரும் இருக்கு.

2006 ஃபேஸ்லிஃப்டுக்கு (அதே பாடிய கொஞ்சம் மாத்தி விட்டது) முந்தி வந்த எல்லா 211லயும் எஸ்பிசின்னு ஒரு பிரேக் சிஸ்டம் இருக்கு. சாதாரண காடியில நீங்க பெடல மிதிச்சா அந்த அழுத்தம் எண்ணெய் வழியா நேரா சக்கரத்துக்கு போகும். இதுல பெடல் ஒரு கம்ப்யூட்டருக்கு சேதி மட்டும் அனுப்பும், தனியா ஒரு பம்ப் முன்னாடியே அழுத்தத்த சேத்து வச்சிருக்கும், கம்ப்யூட்டர் சொல்ற அளவுக்கு அத ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியா விடும். ஓட்டறதுக்கு அருமை, மழையில அவ்ளோ நம்பிக்கையா நிக்கும். ஆனா அந்த பம்ப் தன்ன எத்தனை தடவை வேலை வாங்குனாங்கன்னு தானே எண்ணிட்டே இருக்கும், கணக்கு முடிஞ்சா மீட்டர்ல செவப்பா பிரேக் சர்வீஸ் பண்ணு, ஒர்க்‌ஷாப்புக்கு போன்னு எழுத்து வந்துரும். அப்பவும் ஓட்டுனா ஒரு நாள் பம்ப் நின்னு போயி முன் சக்கரம் ரெண்டுல மட்டும் பிரேக் இருக்கும், அதுவும் காலால முழு பலத்தோட மிதிக்கணும். 2004லயே மெர்சிடிஸ் இதுக்காக உலகம் பூரா 680,000 காடிய திருப்பி கூப்பிட்டாங்க, அப்புறம் 2006 ஃபேஸ்லிஃப்ட்ல இந்த சிஸ்டத்தையே எடுத்துட்டு சாதாரண பிரேக்குக்கே போயிட்டாங்க.

எனக்கு நாலாவது மாசம் அந்த செவப்பு எழுத்து வந்துச்சு. டவுன்ல ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு போனேன், பேரு வேணாம், மத்த காடிக்கு நல்லாத்தான் செய்வாங்க. சென்சார் பிரச்சனைன்னு சொல்லி மெஷின் வச்சு அழிச்சிட்டு 80 வெள்ளி வாங்குனாங்க, மூனு நாள்ல திரும்ப வந்துச்சு. மறுபடி போனா, சரி பிரேக் பேடு பாத்துருவோம்னு ஃபோமென் முன் டாயர கழட்டி கேலிப்பர தொறந்து பேட வெளிய எடுத்துட்டாரு. என் அக்கா பையன் வெளிய வெளையாடிட்டு இருந்தவன், பையில இருந்த தண்ணி போத்தல எடுக்க டிரைவர் பக்கத்து கதவ தொறந்தான். சாவி என் பாக்கெட்டுல இருக்கு, எஞ்சின் ஆஃப். கதவ தொறந்த உடனே பானட்டுக்குள்ள இருந்து ர்ர்ர்ன்னு பம்ப் ஓடுற சத்தம், கேலிப்பர் பிஸ்டன் ரெண்டு பக்கமும் பல்லு மாதிரி வெளிய வந்து நின்னுச்சு. ஃபோமென் அப்பத்தான் துணி எடுக்க கைய வெளிய எடுத்திருந்தாரு. ஒரு செகண்டு முன்ன நடந்திருந்தா அவரு விரலு போயிருக்கும். எங்க ரெண்டு பேருக்கும் கொஞ்ச நேரம் பேச்சே வரல. எஸ்பிசி வச்ச காடியில பேடு மாத்தணும்னா முதல்ல டயக்னோஸ்டிக் மெஷின் போட்டு அந்த சிஸ்டத்த தூங்க வைக்கணும், அப்புறம்தான் கை வைக்கணும், கதவ தொறந்தாலே அது முழிச்சிக்கும். இது தெரியாத ஒர்க்‌ஷாப்புல இந்தக் காடிய விடாதீங்க, சும்மா டாயர் மாத்துற வேலையா இருந்தா பரவால்ல, பிரேக்க தொட விடாதீங்க.

அப்புறம் ஈப்போவுல மெர்ஸ் மட்டுமே பாக்குற ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு கூட்டாளி மூலமா போனேன். பம்ப் புதுசு வெலைய கேட்டா காடியோட வெலையில பெரிய பங்கு. பழைய காடிய வெட்டி சாமான் விக்கிற ஹாஃப்கட் கடையில 900க்கு கெடைக்குது, ஆனா அங்க இருக்கற அண்ணன் சொன்னாரு, "தம்பி, அதுவும் ஏற்கெனவே ஓடுனதுதான், உள்ள எண்ணிக்கை எவ்ளோ இருக்குன்னு ரீட் பண்ணாம வாங்குனா ஆறு மாசத்துல திரும்ப என்கிட்ட வருவ." கடைசியில ரீகண்டிஷன் பண்ணுனது வாரண்டியோட 2,900. வலிக்கத்தான் செஞ்சுச்சு. ஆனா அம்மா பின்னாடி உக்காந்திருக்கற காடி, இதுல பேரம் பேச எனக்கு மனசு வரல.

அதே அண்ணன்தான் கியர்பாக்ஸையும் காப்பாத்துனாரு. இதுல இருக்கறது 722.6 அஞ்சு ஸ்பீட் ஆட்டோ, கெட்டியான கியர்பாக்ஸ், பலபேரு 3 லட்சம் 4 லட்சம் ஓட்டியிருக்காங்க. வந்த புதுசுல இதுக்கு ஆயிலே மாத்த வேணாம், ஆயுசுக்கும் போதும்னு சொல்லி வித்தாங்க, அத நம்பி யாரும் மாத்தாம விட்டுட்டாங்க. காடிய தூக்கி அடியில கூட்டிட்டு போயி ஒரு வெள்ளை டிஷ்யூவ கியர்பாக்ஸ் பக்கத்துல ஒரு பிளக்குல தொடச்சு காட்டுனாரு, செவப்பா இருக்க வேண்டிய ஆயில் கறுப்பா ஒட்டுச்சு. அந்த 13 பின் பிளக்குல இருக்கற சின்ன ரப்பர் வளையம் காஞ்சு போச்சுன்னா ஆயில் கசியும், கசிஞ்சது கீழ மட்டும் சொட்டாது, வயருக்குள்ளயே ஏறி ஏறி மேல இருக்கற கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் வரைக்கும் போயிரும். பிளக்கு சில பத்து வெள்ளி சாமான், கம்ப்யூட்டர் நனைஞ்சா ஆயிரத்துல போகும். எனக்கு அதோட கியர்பாக்ஸுக்குள்ள சென்சார் எல்லாம் இருக்கற கண்டக்டர் பிளேட்டும் போற நெலமையில இருந்துச்சு, சில நாள் காலையில ரெண்டாவது கியர்லயே மாட்டிக்கும், ஆஃப் பண்ணி போட்டா சரியாகும். பிளேட்டு, பிளக்கு, ஃபில்டர், ஆயில் எல்லாம் சேத்து 1,350. அன்னையில இருந்து கியர் மாறுறதே தெரியல.

முன்னாடி ஆர்ம், பால் ஜாயின்ட், ஸ்டெபிலைசர் லிங்க் முழு செட்டு அலைன்மென்ட்டோட 1,680. எங்க ரோட்டுக்கு இது கட்டாயம் வரும், யாரும் தப்பிக்க முடியாது. இதுல ஒரு விஷயம் சொல்லணும், சாமான் வாங்கும்போது மூனு தரம் இருக்கு. மெர்சிடிஸ் டப்பாவுல வர்றது ஒன்னு, அதே சாமான செஞ்சு குடுக்குற கம்பெனி தன் டப்பாவுல விக்கிறது ஒன்னு, அப்புறம் பேரு தெரியாத மலிவு சாமான். நான் போட்டது லெம்ஃபோர்டர், அந்த ரெண்டாவது வகை. டப்பாவ தொறந்து ஆர்ம கையில எடுத்துப் பாத்தா, அலுமினியத்துல ஸ்டார் மார்க் இருந்த எடத்த மட்டும் கிரைண்டர் வச்சு தேய்ச்சிருந்தாங்க, வெரலால தடவுனா அந்த எடம் மட்டும் சொரசொரன்னு இருக்கு. ரெண்டும் ஒரே எடத்துல இருந்து வர்றதுக்கு இதவிட வேற சாட்சி எனக்கு தேவப்படல, வெலை மட்டும் கிட்டத்தட்ட பாதி. மலிவு சாமான் போட்டவங்க எங்க பக்கத்துல ரெண்டு பேரு இருக்காங்க, எட்டு ஒம்போது மாசத்துல டக்கு டக்குன்னு சத்தம் திரும்ப வந்துருச்சு, கூலிய ரெண்டாவது தடவை குடுத்தாங்க.

பேட்டரியும் ரெண்டு, பழைய 211 வாங்குறவங்க இத கவனிங்க. பெருசு பின்னாடி சாமான் வைக்கிற டிக்கியில, ஏஜிஎம் வகை, 780. சின்னது ஒன்னு பானட்டுக்குள்ள, 190. சின்னது செத்தா மீட்டர்ல சம்பந்தமே இல்லாத எழுத்தெல்லாம் வரும், பயந்துட்டு வேற எதையாவது மாத்திடாதீங்க. டாயர் நாலும் 1,280. இது வரைக்கும் சொன்னது எல்லாம், சென்சார்னு சொல்லி வாங்குன அந்த 80 வெள்ளிய மட்டும் சேக்காம, நடுவுல ஒரு ஆயில் சேஞ்சும் ரோட் டேக்ஸும் இன்சூரன்ஸும் சேத்து, முதல் வருஷக் கணக்கு: 11,986.50 வெள்ளி.

ரெண்டாவது வருஷம்? ரோட் டேக்ஸும் இன்சூரன்ஸும் சேத்து 4,502.50. இத நான் பெருசா எழுதணும்னு நெனைக்கறேன், ஏன்னா முதல் வருஷத்துலயே நெறைய பேரு மனசு விட்டுப்போயி பாதி வெலைக்கு வித்துடறாங்க. முதல் வருஷம் நீங்க கட்டுறது முன்ன வச்சிருந்தவங்க தள்ளிப் போட்ட கடன். அத தீத்துட்டா காடி சாந்தமாயிரும். 19 ஆயிரத்துக்கு காடி வாங்குறவங்க கையில இன்னொரு 12 ஆயிரம் தனியா இருக்கணும், அது இல்லாம கடைசி காச குடுத்து வாங்குனா பாதி வழியில நிக்கும். நான் அப்படி எடுத்து வச்சிருந்ததாலதான் கடன் வாங்காம சமாளிச்சேன்.

ரெண்டாவது வருஷத்துல ஆயில் சேஞ்ச் ரெண்டு, முன் பேடும் டிஸ்க்கும் 850, ஏர்கோன் காத்து வேகம் மாறாம போயி ரெகுலேட்டர் 480. அப்புறம் ரெண்டு சம்பவம்.

ஒன்னு, மத்தியானம் நல்ல வெயில்ல அம்மாவ கூட்டிட்டு பழைய ரோட்டுல வந்துட்டு இருக்கேன், செம்மோர் தாண்டி கந்தான் சுண்ணாம்பு மலை கிட்ட வரும்போது எந்த சத்தமும் இல்லாம எஞ்சின் நின்னு போச்சு. சிமெண்டு லோரி எல்லாம் பக்கத்துலயே பறக்குது. ஓரங்கட்டி சாவி போட்டா ஸ்டார்ட்டர் சுத்துது, எஞ்சின் புடிக்கல. முக்கா மணி நேரம் கழிச்சு டோ லோரி வந்து ஏத்துறதுக்கு முன்ன சும்மா ஒரு தடவை போட்டேன், புடிச்சிக்கிச்சு. சூட்டுல நின்னு, ஆறுனா ஓடுதுன்னா இந்த எஞ்சின்ல முதல்ல பாக்க வேண்டியது எஞ்சின் சுத்துறத கம்ப்யூட்டருக்கு சொல்ற கிராங்க் சென்சார். சாமானும் கூலியும் 170, டோ லோரிக்கு 150. சாமான் சின்னதுதான், ஆனா அம்மாவ வெயில்ல ரோட்டோரம் உக்கார வச்சது இன்னமும் மனச உறுத்துது. 150,000 தாண்டுன வி6 வாங்குனா இத கெட்டுப்போக காத்திருக்காம மாத்திடுங்க, என் அனுபவத்துல சொல்றேன்.

இன்னொன்னு எலி. செம்பனை தோட்டத்து எலி எப்படின்னு நம்ம ஆளுங்களுக்கு தெரியும், அதுக்காகவே தோட்டத்துல கூண்டு கட்டி ஆந்தை வளக்கறாங்க. வீட்டு பின்னாடி செம்பனை ஓரமா நாலு நாள் காடிய நிறுத்தி வச்சிருந்தேன், அஞ்சாவது நாள் எஞ்சின் லைட்டு. பானட்ட தொறந்தா மவுண்டிங் மேல செம்பனை பழத்தோட நாரு, சப்பிப் போட்ட கொட்டை, ஆக்சிஜன் சென்சாருக்கு போற வயரு அழகா கடிச்சு ரெண்டு துண்டு. 280 வெள்ளி. இப்ப ராத்திரியில வீட்டு முன்னாடி வெளிச்சத்துல நிறுத்தறேன், பானட்ட வாரத்துக்கு ஒரு தடவை தொறந்து பாக்கறேன், அதுக்கப்புறம் ஒன்னும் கடிக்கல.

பெட்ரோல் லிட்டருக்கு 8 கிலோமீட்டர், ஹைவேயில 11 வரைக்கும் வரும். மாசம் 150, 160 லிட்டர் அடிக்கறேன். ரோன் 95 போதும், 2025 செப்டம்பர் கடைசியில பூடி95 பெட்ரோல் மானியம் வந்தப்ப மைகாட் காட்டி லிட்டர் 1.99க்கு அடிச்சேன், மாசம் 300 லிட்டர் வரைக்கும்னாங்க, எனக்கு அது தாராளம்.

211 வாங்கலாமான்னு கேட்டா, வாங்கலாம், ஆனா 2006 ஃபேஸ்லிஃப்ட்டுக்கு அப்புறம் வந்தது கெடைச்சா அத பாருங்க, எஸ்பிசி தலைவலி இல்ல. அதுல ஈ200 கொம்ப்ரசர்தான் நம்ம சம்பளத்துக்கு சரியா வரும், ரோட் டேக்ஸ் சொன்னேன்ல, 278 வெள்ளி. ஆனா அந்த எஞ்சின்ல டைமிங் செயின் நீளும், காலையில முதல் ஸ்டார்ட்ல கடகடன்னு ரெண்டு செகண்டு சத்தம் வந்தா வெலைய கொறைங்க இல்ல விட்டுட்டு வாங்க. அதனால எப்பவும் எஞ்சின் ஆறி இருக்கும்போது போய் பாருங்க, நீங்க போறதுக்கு முன்ன ஓனரு சூடாக்கி வச்சிருந்தா இன்னொரு நாள் வர்றேன்னு சொல்லுங்க. ஈ240 எஞ்சினுக்கு அப்புறம் வந்த புது வி6 வேணும்னா, அதுல ஆரம்ப காலத்துல வந்த எஞ்சின்ல பேலன்ஸ் ஷாஃப்ட் பல்சக்கரம் தேயும், அத செய்ய எஞ்சினையே எறக்கணும், அந்த வேலை நடந்த பில்லு இருந்தா மட்டும் எடுங்க. பெரியவங்க சில பேரு 124 (211க்கு முன்ன வந்த பழைய பாடி) எடு, அதுதான் இரும்புன்னு சொல்லுவாங்க, பாடிக்கு அது உண்மை, ஆனா 92ல இருந்து 95 வரைக்கும் வந்ததுல எஞ்சின் வயரோட தோல் தானா உதிரும், அதுவும் காசுதான்.

போன மாசம் ஈப்போவுல ஒரு டீலர் பாத்துட்டு 13 ஆயிரம் தர்றேன்னாரு. குடுக்கல. இப்ப 207,000 ஓடியிருக்கு, அடியில ஒரு சொட்டு ஆயில் இல்ல, நேத்து கூட அட்டை போட்டு வச்சு காலையில பாத்தேன், காஞ்சு கெடக்கு. பின்னாடி அப்சோபர் ரெண்டும் மட்டும் தேஞ்சிருக்கு, சாக்ஸ் கம்பெனி அப்சோபர் வெலை கேட்டு வச்சிருக்கேன், கூலியோட 800க்குள்ள வரும்னாங்க. அந்த செம்மண் ரோட்டுல கடைசி வளைவுல வரும்போது பின் சீட்டு லேசா ரெண்டு தடவை ஆடுதுன்னு எனக்கு முன்னாடியே அம்மாதான் சொல்லுச்சு, அடுத்த ஆஸ்பத்திரி தேதிக்கு முன்ன போட்டுடணும்.